விசாரணைக்கு முந்திய சனிக்கிழமை

ஓர் அதிகாரி, தன் முன்னால் விசாரணைக்கு வரவிருக்கும் ஒருவருடன் ஒரே மேசையில் இருந்து உண்ணவோ குடிக்கவோ கூடாது. தெரியாமல் அப்படி நேர்ந்துவிட்டால், தெரியவந்த உடனே அந்த ஆளின் ஃபைலை, எங்கள் பேச்சில் கோவையை, வேறோர் அதிகாரிக்கு மாற்ற வேண்டும். மாற்றிய கோவை ஒரு மாதத்துக்குள் விசாரிக்கப்பட வேண்டும். எங்கள் விதிப் புத்தகத்தில் இருந்தது இவ்வளவுதான். பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட நிர்வாக அலுவலகத்தில், கடைநிலை எழுதுநராகச் சேர்ந்து பிரதம லிகிதராக, தலைமை எழுதுநராக, ஓய்வு பெற்றவன் நான். அந்தப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவான பக்கம் வேறு கிடையாது என்று சத்தியம் செய்யத் தயார்.

1973ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து முதல் சனிக்கிழமை. மாதத்தின் முதல் சனிக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர், நான், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலை பதப்படுத்துவதைக் கவனிக்கும் டீமேக்கர். டொக்டரும் நானும் யாழ்ப்பாணத்துக்காரர். டீமேக்கர் தோட்டத்திலேயே பிறந்து, தொழிற்சாலையிலேயே வளர்ந்து, தேயிலையின் பதம் பார்த்துச் சொல்லும் நாக்கினால் உத்தியோகம் பெற்றவர். அவருடைய மனைவிக்கு டொக்டர் ஒரு சத்திரசிகிச்சை செய்யப்போய்ப் பழக்கமானார். மாதாமாதம் டீமேக்கர் ஒரு பொட்டலம் நல்ல தேயிலைத் தூளுடன் பஸ்ஸில் இறங்குவார். டொக்டரின் குவாட்டர்ஸில் சாப்பிட்டு, சீட்டாடி, ஞாயிறு காலை திரும்பிப் போவார்.

சீட்டுக்கு ஒரு கை குறைவது டொக்டருக்குத் தீராத குறை. அந்த மாதம் அது தீரும் என்றார். "என்னோடை படிச்சவன் ஒருத்தன் கொழும்பிலையிருந்து வாறான். அரசாங்கம் அனுப்பி ரோமிலை மூண்டு மாசம் படிச்சுப்போட்டு வந்திருக்கிறான். இத்தாலி வைன் மூண்டு போத்தல் கொண்டு வாறானாம். சாப்பாட்டோடை ருசி பாக்கோணுமாம்." வெளிநாட்டுச் சாமான் என்றால் சவர பிளேடுகூடக் கண்ணில் படாத காலம். சுங்கத்தில் எத்தனை போத்தலுக்கு அனுமதி என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரத்தில் நான் விட்டுக்கொடுத்த முதல் விதி அது.

மாலை ஆறு மணிக்கு நண்பர் வந்தார். கோட்டு, கையில் ஒரு மரப்பெட்டி. என்னைப் பார்த்ததும் கை நீட்டினார்.

"நீர்தானே பிரதம லிகிதர்? எனக்குத் திங்கக்கிழமைக்கு அறை ஒதுக்கின கடிதத்திலை உம்முடைய கையெழுத்துப் பாத்தனான்."

டொக்டர் அவரைப் பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயரால் மட்டுமே சொல்லி வந்ததால் எனக்கு அதுவரை விளங்கவில்லை. வந்தவர் பிரஜாவுரிமை விசாரணை அதிகாரி. தோட்டத் தமிழர்களில் யார் இந்த நாட்டுப் பிரஜை, யாரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்து எழுதுகிறவர். திங்கட்கிழமைப் பட்டியலை வெள்ளிக்கிழமை தட்டச்சில் அடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டியவன் நான். அதில் ஏழாவது பெயர் எங்கள் டீமேக்கருடையது.

"பட்டியல் பாத்தீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை. நான் முதல்லையே பாக்கிறேல்லை. பாத்தால் மனம் ஒரு பக்கம் சாய்ஞ்சிடும்." பெருமையாகச் சொன்னார்.

டீமேக்கரின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவனும் நான்தான். அவர், மனைவி, மூன்று பிள்ளைகள். இருபத்தொரு வயது ஆகாத பிள்ளைகள் தகப்பனின் விண்ணப்பத்தோடு சேர்வார்கள். வயது தாண்டியவர் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தனி விண்ணப்பத்துக்கான கடைசி நாள் எப்போதோ போய்விட்டது. மூத்த மகளுக்கு 1974 ஓகஸ்டில் இருபத்தொன்று. அதற்குள் முடிவு வந்தால் ஐந்து பேரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். வராவிட்டால் நான்கு பேர் இங்கே. அந்தப் பிள்ளை, இதுவரை கண்டிராத இந்தியாவில். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த விசாரணை நாள் அந்தத் திங்கட்கிழமை.

உண்மையை வாசலிலேயே சொன்னால் கோவை கைமாற வேண்டும். கொழும்பில் ஒரு மாதம் என்பது எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அதே முகத்தை மேசைக்கு அப்பால் பார்த்து, வைன் ஊற்றிக் கொடுத்தவனுக்கே தீர்ப்பும் எழுதுவதா என்று அதிகாரி ஆடிப்போவார். இரண்டும் வேண்டாம் என்றால் டீமேக்கர் உள்ளே வராமலே திரும்ப வேண்டும். அவரைத் தடுத்து நிறுத்த வாசலில் போய் நின்றேன்.

பஸ் பிந்தி வந்தது. அவர் படியேறும்போதே டொக்டர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

"வாங்கோ, வாங்கோ! உங்கட நாக்குக்கு இண்டைக்குத்தான் வேலை. இவர்தான் எங்கட டீமேக்கர்!"

அதிகாரி கை கொடுத்தார். நல்லவேளையாக டொக்டரின் வீட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. டொக்டர், கிளாக்கர், டீமேக்கர். கை கழுவும் குழாயடியில் எனக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் தண்ணீர் அப்படியே நின்றது.

"நான் போயிடவாங்க?"

"இனிப் பஸ் இல்லை. போனால் ஏனெண்டு கேப்பார். உங்கட பேரைச் சொல்லாதேங்கோ. தோட்டத்தைச் சொல்லாதேங்கோ. மிச்சத்தைத் திங்கக்கிழமை நான் பாத்துக்கொள்ளுறன். அவர் எதை ஊத்தித் தந்தாலும் நல்லாயிருக்கெண்டு சொல்லுங்கோ."

"நல்லா இல்லாட்டி?"

"அப்பவும் நல்லாயிருக்கெண்டு சொல்லுங்கோ."

கை துடைத்த துவாயை மடித்தபடி யோசித்தார். "வேற எதுலயும் சொல்லிப்புடலாங்க. ருசி பாக்குற கப்புல பொய் சொல்லிப் பழக்கமில்ல."

மேசையில் ஆட்டிறைச்சிக் கறி, பிட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், ஒரு டின் பாற்கட்டி. இறைச்சியில் ஒரு பாதியை மிளகாய் போடாமல் மிளகோடு அவிக்கச் சொல்லி அதிகாரி முன்கூட்டியே செய்தி அனுப்பியிருந்தார். டொக்டரின் மனைவி அந்தக் கறிக்கோப்பையை அவர் முன்னால் சற்றுச் சத்தமாகவே வைத்தார்.

"உறைப்பில்லாத இறைச்சி, அண்ணை. ஆஸ்பத்திரியிலை வருத்தக்காரருக்குக் குடுக்கிற மாதிரித்தான் வச்சிருக்கிறன்."

"அதுதான் வேணும், தங்கச்சி. உறைப்பு நாக்கைக் கொண்டுபோடும்."

தக்கை திறப்பான் வீட்டில் இல்லை. டொக்டர் ஆஸ்பத்திரிக் கிடுக்கி ஒன்றால் முதல் தக்கையைத் துண்டு துண்டாகப் பிரசவம் பார்த்தார். முதலாவது, வைக்கோல் கூடை சுற்றிய கியான்தி. தண்ணீர் குடிக்கும் கிளாஸ்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, எப்படிச் சுழற்றுவது, எப்படி மணப்பது என்று அதிகாரி செய்து காட்டினார். டீமேக்கர் கிளாஸை வாங்கி, தொழிற்சாலையில் தேயிலை ருசி பார்க்கிற மாதிரியே 'சர்'ரென்று இழுத்து, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, சுற்றுமுற்றும் பார்த்தார். டொக்டர் சிரித்துக்கொண்டே ஒரு எனாமல் கிண்ணத்தை நீட்டினார். அதில் துப்பினார்.

"என்ன இது?" அதிகாரி கதிரையில் நிமிர்ந்தார். "கடல் கடந்து கொண்டு வந்ததைத் துப்புறார்!"

"அவையள் அப்பிடித்தான். ஒரு நாளைக்கு நாப்பது கப் பாக்கிறவையள், விழுங்கினால் என்ன கதி?" என்றார் டொக்டர்.

"நல்லா இருக்குங்க," என்றார் டீமேக்கர். அப்போதுதான் நான் பிட்டில் கை வைத்தேன்.

இரண்டாவது, வல்பொலிச்செல்லா. உறைப்புக் கறிக்கு இது சரிவராது, மிளகு இறைச்சிக்குச் சரிவரும் என்றார் அதிகாரி. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. நாக்கில் கசந்தது பயமா வைனா என்று பிரித்தறியும் நிலையில் நான் இல்லை. டீமேக்கர் இழுத்தார், சுற்றினார், துப்பினார். "இதுவும் நல்லா இருக்குங்க."

"எல்லாம் நல்லமெண்டால் நாக்கு என்னத்துக்கு?" அதிகாரி டொக்டரைப் பார்த்தார். "உம்முடைய ஆள் பெரிய சுவைஞர் எண்டீர்."

"என்ன டீமேக்கர், என்ரை மனிசி போடுற தேத்தண்ணியிலை மட்டும் எத்தினை குறை பிடிப்பியள்! இண்டைக்கு வாய்க்குப் பூட்டோ?"

என் புத்திமதியின் லட்சணம் அது. எல்லாம் நல்லது என்று சொல்லச் சொன்னதால்தான் அந்த மனிதர் எல்லோர் கண்ணிலும் பட்டார்.

மூன்றாவது போத்தல் தனியாக ஒரு துணியில் சுற்றியிருந்தது. பரோலோ. பல வருடம் நிலவறையில் கிடந்தது, ரோமில் தன் பேராசிரியரே கையில் தந்தது என்றார். ஊற்றும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். முதலில் தான் ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி, "இதுதான்" என்றார். டொக்டரும் "இதுதான்" என்றார். நானும் சொன்னேன். உத்தியோகத்தில் நான் பழகிய முதல் பாடம் அதுதானே.

டீமேக்கர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். குடிக்கவில்லை. மறுபடி மணந்து பார்த்தார். ஒரு சொட்டு வாயில் விட்டு உடனே துப்பினார். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"சொல்லும்," என்றார் அதிகாரி.

டீமேக்கர் என்னைப் பார்த்தார். பிறகு கிளாஸைப் பார்த்தார். "இது கெட்டிருக்குங்க."

அதிகாரி தன் கிளாஸை மேசையில் வைத்தார்.

"என்ன?"

"மொதல் ரெண்டும் சுத்தம். இதுல ஒரு வாடை இருக்கு. நனைஞ்ச பலகைப் பெட்டியில தூள அடைச்சா வருமே, அந்த வாடை. தப்பு உங்க மேல இல்லீங்க. தக்கையில இருந்துருக்கும். எங்க ஃபெக்டரியில இப்பிடி ஒரு பெட்டி வந்தா வெளிய அனுப்ப மாட்டோம்."

"ரோமிலை படிச்சவன் நான். நீர் தேயிலைக்காரன்."

"ஆமாங்க. வாடை வாடைதானுங்க."

அதிகாரி தன் கிளாஸை எடுத்து, மீதி முழுவதையும் ஒரே மூச்சில் குடித்து வைத்தார். அதற்குப் பிறகு கோபமாக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பயம். இறைச்சித் துண்டு ஒன்றை மெதுவாக வெட்டிக்கொண்டு பேச்சுக் கொடுத்தார்.

"எந்தப் பக்கம் வேலை?"

"மடுல்சீமைப் பக்கங்க."

"எவ்வளவு காலம்?"

"பொறந்ததே அங்கதாங்க."

"தகப்பன்?"

"அவரு திருச்சிப் பக்கத்துல இருந்து வந்தவரு."

சாப்பாட்டு மேசையில் யாரும் கேட்கக்கூடிய கேள்விகள்தான். ஆனால் விசாரணைப் படிவத்தை நான் மனப்பாடமாக அறிவேன். அதே கேள்விகள், அதே வரிசை. பழக்கதோஷத்தால் அவர் கேட்டுக்கொண்டே போனார். டீமேக்கரும் மடியில் கை வைத்து, விசாரணை அறையில் நிற்கிறவர்போல ஒவ்வொன்றுக்கும் உண்மையே சொன்னார். எலும்பும் பிட்டும் கிடந்த தட்டுக்கு மேலாக ஒரு குடும்பத்தின் விசாரணை நடந்துகொண்டிருந்தது. எழுதிக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"இடையிலை இந்தியாவுக்குப் போய் இருந்ததுண்டோ?"

டீமேக்கர் வாயைத் திறந்தார். தகப்பனின் கருமாதிக்காக அவர் போய் வந்ததை நான் அறிவேன்; இங்கே தொடர்ந்து வாழவில்லை என்று தள்ளிவிட அது போதும். அதற்கு ஆவணம் உண்டு, விளக்கம் உண்டு. ஆனால் அவை என் அலுமாரியில் இருந்தன. கெட்டுப்போன வைனைக் குடித்துவிட்டு இருக்கும் ஒரு மனிதரின் காதில் அது வெறும் 'ஆமாங்க' என்று விழக் கூடாது.

"அது படிவத்திலை ஏழாவது கேள்வி," என்றேன். "திங்கக்கிழமை காலமை கேக்க வேண்டியது. பட்டியலிலை இவருடைய பேர் இருக்கு."

டொக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அதிகாரி முள்ளுக்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சரியாக வைத்தார்.

"இது உமக்கு எப்ப தெரியும்?"

"நீங்கள் வாசல்லை கை குடுக்கேக்கை."

எழுந்தார். "சாப்பாடு நல்லாயிருந்தது, தங்கச்சி." கோட்டைப் போட்டுக்கொண்டு, மரப்பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு, ரெஸ்ட் ஹவுஸுக்கு நடந்தே போனார். சீட்டுக்கட்டை யாரும் தொடவில்லை. டீமேக்கர் மட்டும் கேட்டார்: "நான் நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா கேள்வி வந்திருக்காதுங்களா?" நான் மேசையில் சிதறிக் கிடந்த தக்கைத் துண்டுகளைப் பொறுக்கினேன்.

திங்கட்கிழமை, நான் எதிர்பாராதபடி, கச்சேரியில் இரண்டு விசாரணை அதிகாரிகள் இருந்தார்கள். பக்கத்து அறையிலேயே மற்றவர். கோவையை அவருக்கு மாற்றினால் அன்று மத்தியானமே விசாரித்து முடிக்கலாம் என்று பணிவாக ஒரு குறிப்பு எழுதி மேலே வைத்தேன். அதற்குக் கீழே எங்கள் சனிக்கிழமை விருந்தாளி எழுதினார்: விண்ணப்பதாரரை எனக்குத் தெரியும், தலைமை அலுவலகம் வேறோர் அதிகாரியை நியமிக்கட்டும். கையெழுத்து, திகதி. குறை சொல்ல ஓர் எழுத்து இல்லை.

"பக்கத்து அறைக்கு அனுப்பவும் விதியிலை இடம் இருக்கு," என்றேன்.

"கொழும்புக்கு அனுப்பவும் இடம் இருக்கு," என்றார். "விதி தெரிஞ்ச ஆள் நீர். உமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை."

ஒரு மாதம் போனது. நினைவூட்டல் எழுதினேன். கவனத்தில் இருப்பதாக அச்சடித்த அட்டை வந்தது. மூன்று மாதத்தில் இரண்டாவது நினைவூட்டல், ஆறு மாதத்தில் பதிவுத் தபால், பிறகு விடுமுறை எடுத்து நேரிலே போனேன். கோவை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும் வழியில் இருப்பதாகச் சொன்னார்கள். டீமேக்கர் முதல் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார், நான் தலையசைப்பேன், தூள் பொட்டலத்தைக் கையில் தருவார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

1974 ஓகஸ்ட் வந்து போனது. அந்த மாதம் மட்டும் அவர் வரவில்லை. நவம்பரில் வேறோர் அதிகாரி வந்தார். அரை மணித்தியாலத்தில் விசாரணை முடிந்தது. இந்தியாப் பயணத்தைப் பற்றிக் கேட்டார், ஆவணத்தைப் பார்த்தார், தலையாட்டினார். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் முடிவு வரவில்லை.

கடைசியில் பதிவுத் தபாலில் பதில் வந்தது. நீள உறை, ஒரு தாள். விண்ணப்பதாரருக்கும், மனைவிக்கும், இளைய பிள்ளைகள் இருவருக்கும் பிரஜாவுரிமை வழங்கப்படுகிறது. மூத்த பிள்ளை வயது வந்தவர் ஆகிவிட்டபடியால் இந்த விண்ணப்பத்தில் கவனத்தில் எடுக்கப்படவில்லை. தோட்டத்து ஒஃபீஸில் டீமேக்கர் கையெழுத்திட்டு வாங்கிய பற்றுச்சீட்டின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ள திகதி 1975 மே 6.