காலியாக விட்ட எண்கள்

எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் மொட்டைமாடித் தூண்களில் கம்பியை நீட்டியே விட்டுவைப்பார்கள். பின்னால் மாடி எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் கிரிப்டோ பணப் பரிமாற்றத்துக்கு நிரல்மொழி வடிவமைத்தபோது நானும் அதைத்தான் செய்தேன்.

அனுப்பும் ஒவ்வொரு தொகையோடும் ஒரு குட்டி நிரல் போகும். அந்தப் பணத்தை யார் எடுக்கலாம், எப்போது எடுக்கலாம் என்பதை அதுதான் சொல்லும். நிரல் நீண்டால் கட்டணம் ஏறும். அதனால் ஒரு கட்டளைக்கு ஒரே எண் என்று வைத்து, வெட்டி வெட்டிச் சுருக்கினேன். சில எண்களை மட்டும் பிற்காலத்துக்கென்று காலியாக விட்டேன். தெரியாத எண் வந்தால் பழைய செயலி முரண்டு பிடிக்காமல் தாண்டிப் போய்விடும். புதுக் கட்டளை சேர்ப்பதால் யாருடைய போனும் நின்றுவிடக் கூடாது என்பது என் பிடிவாதம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரி ஒருவர் எங்களிடம் சேர்ந்தார். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பிவிட்டு, தரம் சரியில்லை என்ற ஒற்றை வரியில் பணத்தைப் பறிகொடுத்துச் சூடுபட்டவர். அவர் கடையில் உட்கார்ந்து நானே செயலியைப் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"வந்த பணம் திரும்பிப் போயிருமாங்க?"

"போகாதுங்க. அதுக்கு இந்த மொழியில வார்த்தையே இல்லீங்க."

எங்கள் முதலாளி குரல் உயர்த்தத் தெரியாதவர். அனுப்பிய பணத்தைத் திரும்ப எடுக்க ஒரு வழி வேண்டும் என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்பதாகக் கூட்டத்தில் சொன்னார். கூடாது என்றேன். "சரிங்க அம்மணி, உட்ருவோம்," என்றார். சில வாரங்களில் என்னை வேறு வேலைக்கு மாற்றினார். நான் சந்தேகப்படவில்லை. அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரை எப்படிச் சந்தேகப்படுவது?

ஒருநாள் சென்னிமலைக்காரர் போன் செய்தார். "ஏனுங்க அம்மணி, பணம் வந்துதுன்னு காட்டுச்சுங்க. சரக்க ஏத்தி உட்டுப்போட்டேன். இப்பப் பணத்தக் காணமுங்க."

அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து பார்த்தேன். நான் காலியாக விட்ட எண்களில் ஒன்று நிரலின் நடுவில் உட்கார்ந்திருந்தது. குறிப்பிட்ட கெடுவுக்குள் அனுப்பியவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள் கொடுத்திருந்தார்கள். அவருடைய பழைய செயலிக்கு அது புரியவில்லை. தாண்டிப் போய், பணம் வந்துவிட்டது என்று காட்டியிருக்கிறது. கெடு முடியும் முன்பே அனுப்பியவர் பணத்தைத் திரும்ப எடுத்துவிட்டார்.

முதலாளியிடம் போய்ச் சென்னிமலைக்காரர் விஷயத்தைச் சொன்னேன். காபி சொன்னார்.

"வெளிநாட்டுக்காரங்க கேட்டாங்க, செஞ்சுபோட்டோமுங்க. அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கோணும், உட்டுப்போச்சு. ஆனா நீங்க எடம் உட்டு வெச்சிருந்ததாலதான் அம்மணி, ஒருத்தர் போனும் நிக்காம வேலை முடிஞ்சுது."

நிஜமாகவே பாராட்டினார். அந்தக் காபியை அப்படியே வைத்துவிட்டு வந்து, சென்னிமலைக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப இப்ப அதுக்கு வார்த்தை வந்திருச்சுங்களா?"

"வந்திருச்சுங்க."

"சரிங்க அம்மணி, வெச்சர்றேனுங்க," என்றார். திட்டியிருந்தால் தேவலை.