ஆறு நாளைக்கு ஒருக்கா வாடுகிற நண்டு

தரக் கட்டுப்பாடு என்பது, நல்லாயிருக்கிற ஒரு சாமானைக் கையில் தந்து, இது ஏன் நல்லாயிருக்கிறது என்று உங்களையே சந்தேகப்பட வைக்கிற தொழில்.

பல்கலைக்கழகத்தில் தர முகாமைத்துவம் படித்து, கட்டுப்பாட்டு வரைபு கீறி, அந்தக் கோடு மேலே போனால் நல்லதா கீழே போனால் நல்லதா என்று பக்கத்திலிருப்பவனைப் பார்த்து, அவனும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கக் கண்ட சகோதரங்களே, இது உங்களுக்காக. எனக்கு இருபது வயதாக இன்னும் நாலு மாதம் இருக்கிறது. ஒழுங்காகத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான்: ஒருவரின் குரலை இரண்டு தடவை கேட்டால், மூன்றாம் தடவை அது என் வாயிலிருந்து வரும். அது சோதனைக்கு வராது.

எந்த மீனின் முள்?

எங்கள் விரிவுரையாளரைச் சேர் என்போம். மூக்கால் கதைப்பவர். எதையும் 'ஆகவே' என்றுதான் தொடங்குவார். காலையில் வகுப்புக்குள் வந்து சொல்வதே 'ஆகவே, வணக்கம்' என்றுதான். ஒரு நாள் வெண்பலகையில் நீளக் கோடு ஒன்று கீறி, இரண்டு பக்கமும் சரிவாகச் சின்னக் கோடுகள் போட்டு, முனையில் ஒரு முக்கோணம் வைத்தார். “ஆகவே, இது மீன்முள் படம். தலையில பிரச்சினையை எழுதோணும், முள்ளில காரணங்களை எழுதோணும்.”

நான் மன்னார்ப் பொடியன். அப்பாவுக்குக் கடல்தொழில். பாரை, சீலா, விளைமீன் என்று எத்தனையோ முள்ளைத் துப்பியிருக்கிறேன், இப்படி ஒரு முள்ளைக் கண்டதில்லை. எழும்பி, “சேர், இது என்ன மீன்?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்கள். வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் நான் உண்மையாகக் கேட்டேன். சேர் பேனையை மூடிக்கொண்டு சொன்னார்:

“ஆகவே தம்பி, இது கறிக்கு ஆகாது, பொரிக்கவும் ஏலாது, சோதனைக்கு மட்டும் வரும்.”

மூன்று தடவை வந்த நண்டு

செயன்முறைப் பயிற்சிக்கு என்னை ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள், நண்டு அவித்துச் சதை எடுத்துக் கொழும்புக்கு ஏற்றுகிற ஒரு கொட்டிலுக்கு. எட்டுக் கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம். ஒவ்வொரு வேலை நாளும் காலை எட்டு மணிக்கு அவிக்காத நண்டில் ஐந்தை எடுத்து, பத்துக்கு எத்தனை என்று புள்ளி போட்டு, சராசரியை வரைபில் ஒரு குற்றாக வைக்க வேண்டும். குற்று கோட்டுக்கு வெளியே விழுந்தால் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் பெயில், அடுத்த வருடம் திரும்பவும் இதே வகுப்பு. அடுத்த வருடம் அந்த வகுப்புக்கு என் தங்கச்சி வருகிறாள். தனக்குப் பக்கத்தில் எனக்கொரு கதிரை பிடித்து வைப்பதாக அவள் இப்போதே ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாள்.

கொட்டில் சூப்பர்வைசர் றோசலின் அன்ரி. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற வள்ள எஞ்சின் மாதிரிக் குரல். என்னிடம் மணம், நிறம், கால், வயிறு என்று நாலு நிரலில் ஒரு படிவம் இருந்தது. ஒரு நண்டுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். அன்ரி நண்டின் காலை ஒருக்கா அமத்திப் பார்ப்பா, ஒருக்கா மணந்து பார்ப்பா, “ஏழு” என்பா. அன்ரி சொல்கிற புள்ளிதான் வரைபுக்குப் போகும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே சாமானை எத்தனை தடவை அளந்தாலும் ஒரே அளவு வரவேண்டும் என்று சேர் படிப்பித்திருந்தார். ஒரு நண்டின் வயிற்றுப் பக்கம் பேனையால் சின்னக் குறி போட்டு, மற்ற நண்டுகளோடு கலந்து கொண்டுபோனேன். “ஏழு.” அரை மணி கழித்துத் திரும்பவும். “ஏழு.” மூன்றாம் தடவை அன்ரி நண்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தா.

“இந்த நண்டை இன்னொருக்காக் கொண்டுவந்தியெண்டா, அதுக்கு ஏழு, உனக்குச் சைபர்.”

ஐந்தாவது ஏன்

வரைபில் முதலாவது குற்று கோட்டுக்குக் கீழே கிடந்தது. பிறகு எல்லாம் ஒழுங்கு. ஏழாவது திரும்பவும் கீழே. பதின்மூன்றாவது கீழே. பத்தொன்பதாவதும் கீழே. சேர் தந்த வரைபுப் படிவத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும்தான், வேறொன்றும் இல்லை. ஆறு நாளைக்கு ஒருக்கா நண்டெல்லாம் கூட்டம் கூடி, 'சரி, இண்டைக்கு வாடுவம்' என்று முடிவெடுப்பது போல இருந்தது. ஐஸைச் சந்தேகப்பட்டேன், தராசைச் சந்தேகப்பட்டேன், காலையில் நான் தின்ற இடியப்பத்தையும் சந்தேகப்பட்டேன்.

ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்டால் மூலகாரணம் தானாக வெளியே வரும் என்பது சேரின் இன்னொரு பாடம். கொட்டிலுக்கு நண்டு கொண்டுவருகிற சூசை அண்ணன் பெட்டி இறக்கிக்கொண்டு நின்றார். “அண்ணை, அஞ்சு தரம் ஏன் கேப்பன், கோவிக்கக் கூடாது” என்று அனுமதி வாங்கிக்கொண்டு தொடங்கினேன்.

“சில நாளையில நண்டு வாடிக் கிடக்கு. ஏன்?”

“ஐஸ் காணாது.”

“ஏன் காணாது?”

“உருகுது.”

“ஏன் உருகுது?”

“வெக்கை.”

“ஏன் வெக்கை?”

வாசலில் அட்டைப்பெட்டி ஒன்றைச் சப்பிக்கொண்டு நின்ற கழுதைகூட நிமிர்ந்து பார்த்தது. சூசை அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார்.

“அஞ்சாவது ஏனை நான் கேக்கிறன். உன்னை ஏனடாப்பா பல்கலைக்கழகத்துக்கு எடுத்தவங்கள்?”

இரண்டு சேர்

ஏழாம் கிழமை தொடங்குகிற அன்று சேர் நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பத்து மணி பஸ்ஸில் வருவார் என்று கணக்குப் போட்டேன். எட்டு மணிக்கு முப்பத்தேழாவது குற்று, சொல்லிவைத்தாற்போலக் கீழே. ஐஸ் அறைக்குப் பின்னால் போய் நின்று, கொட்டில் கந்தோர் போனுக்கு அடித்து, மூக்கைப் பிடித்தேன். “ஆகவே, வணக்கம். நான் விரிவுரையாளர் கதைக்கிறன். ஆகவே, இண்டைய நண்டுக்கு ரெண்டு புள்ளி கூட்டிப் போட்டீங்களெண்டால் பொடியனுக்கு உதவியாயிருக்கும்.” என் வாழ்நாளில் செய்ததில் மிகத் திறமான குரல் அதுதான். பெருமையோடு பதிலுக்குக் காத்திருந்தேன்.

சேர் முந்தின பஸ்ஸில் வந்துவிட்டார் என்பதும், கந்தோரில் அன்ரிக்கு முன்னால்தான் இருக்கிறார் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? அன்ரி போனைக் கையில் பிடித்தபடியே அவரிடம் கேட்டது எனக்குப் போனிலும் கேட்டது, சுவரிலும் கேட்டது:

“சேர், உங்கட குரல் ஒண்டு ஐஸ் அறைக்குப் பின்னால நிக்குது, ரெண்டில எந்தச் சேருக்கு நான் தேத்தண்ணி ஊத்த?”

வசந்தி அக்கா எட்டிப் பார்த்தா

சேர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நண்டுச் சதை எடுக்கிற மேசையின் ஒரு ஓரத்தைத் துடைத்து, வரைபை விரித்தார். “ஆகவே, காரணம்?” நான் மீன்முள் படத்தை விரித்தேன். இருபத்து மூன்று முள். ஐஸ், உப்பு, தண்ணி, நிலா, என்னுடைய கை, எல்லாம் இருந்தன. “ஆகவே, இதில எது?” என்றார். “தெரியாது சேர்” என்றேன். சேர் சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினார். கண்ணுக்கு முன்னால் தங்கச்சி கதிரையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

மேசையின் மற்றப் பக்கத்தில் சதை எடுத்துக்கொண்டிருந்த வசந்தி அக்கா, கத்தியை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தா. “கீழ விழுந்து கிடக்கிறதெல்லாம் திங்கக்கிழமையள் தானே? வள்ளம் வர ஒன்பது பத்தாகும். நீ எட்டு மணிக்கு எடுக்கிறது முதல் நாள் மிஞ்சின நண்டு. ஞாயிறு ஒருத்தரும் கடலுக்குப் போறேல்லை, கொட்டிலும் பூட்டு. திங்கள் நீ எடுக்கிறது சனிக்கிழமை நண்டு.”

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய், வள்ளமெல்லாம் கரையில் வரிசையாக ஏறிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மீன்முள் கீறினவன் நான். சேர் தன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் 'திகதி' என்று சத்தமில்லாமல் ஒரு நிரல் கீறினார். “இதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?” என்று கொட்டில் முழுக்கக் கேட்கக் கத்தினேன். றோசலின் அன்ரி சொன்னா:

“நீ ஏன் ஏன் எண்டுதானே கேட்டுத் திரிஞ்சனி, எப்ப எண்டு கேட்டனியே?”

கையெழுத்து

சிவப்புப் பேனை இன்னும் திறந்தபடிதான் இருந்தது. “ஆகவே, தீர்வு?” என்றார் சேர். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அப்பாவே அடிப்பார். “சனிக்கிழமை வாற நண்டைச் சனிக்கிழமையே அவிச்சு முடிச்சால்...” என்று இழுத்தேன். அதற்கு அடுப்பு பின்னேரம் வரைக்கும் எரிய வேண்டும். சனிக்கிழமை ஒரு மணிக்கே அடுப்பை நூர்க்கச் சொல்லியிருப்பது முதலாளி. சேர் அன்ரியைப் பார்த்தார். அன்ரி என் வரைபைத் தன் பக்கம் இழுத்தா. பிறகு கதைத்த குரலில் எஞ்சின் இல்லை. அந்தக் குரல் எனக்கு இன்றைக்கும் வராது.

“இதை நான் மூண்டு வருசமா முதலாளிக்குச் சொல்லுறன் சேர், பொடியன் கீறின படத்துக்குக் கீழ நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சுத் தாங்கோ, இந்த முறை கேப்பார்.”

சேர் சிவப்பை மூடி, நீலத்தை எடுத்தார். பாடம் பாஸ், முதலாளியும் கேட்டார், அடுத்த திங்கள் வள்ளம் வந்த பிறகு எடுத்த நண்டில் நாற்பத்து மூன்றாவது குற்றும் கோட்டுக்குள்ளே வந்து அடக்கமாக இருந்துவிட்டது, கோட்டுக்கு வெளியே காரணம் தெரியாமல் கிடப்பது இப்போது நான் ஒருவன்தான்.