துரையின் குளியல் தொட்டியில் ஜப்பான் மீன்

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடியபின், தோட்டத்துப் பங்களாவில் சும்மா கிடந்த குளியல் தொட்டியில் ஜப்பான் மீன், அதான் திலாப்பியா, விட்டிருந்தேன். மரவள்ளிக்கிழங்கு தவிர என் மகளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. மீன் பெருகினால் சாப்பிடுவாளே என்றுதான்.

இன்று பக்கத்து லயத்து அக்கா ஒரு விராலைக் கொண்டுவந்தார்.

"சின்னதைத் தின்னுடாதாக்கா?"

"காலேஜ் படிச்சவளுக்கு இதுக்குமா பயம்? எல்லாம் மீன்தான்லா, விடு!"

விட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் ஒரு தாய் மீன்தான் மிச்சம். வாய்க்குள் குஞ்சுகளை அடக்கிக்கொண்டு மூலையில் ஒட்டி நின்றது.

அக்காவே விராலைக் குழம்பு வைத்தார். "உன் மீனெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு, அழாம சாப்பிடு."

சாப்பிட்டோம். மகள் இன்னும் கேட்டாள்.

அவள் அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டுபோன ஜப்பான்காரர்கள் மறுபடி வருகிறார்களாம். இந்த முறை பெண்களையும் பிடிப்பார்களாம்.

மீனுக்காவது வாய் இருக்கிறது. இவளை நான் எங்கே ஒளிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.