கரண்ட் போச்சு

“இந்தத் தறிச் சத்தத்துல உனக்கெங்க அம்மிணி படிப்பு ஏறப்போவுது?” என்று கேட்டவர் என் பெரியம்மா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

இப்போது அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் ஆராய்ச்சி மாணவி. அடுத்த மாதம் தகுதித் தேர்வு. நூலகத்தின் அமைதியில் உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூட மண்டையில் ஏறவில்லை. மாறுதலுக்காகத் தோழி திவ்யா நேற்று ஒரு கச்சேரிக்கு இழுத்துப் போனாள். அமெரிக்கர் ஒருவர் எழுதிய நவீன சிம்பொனி. வயலின்கள் ஒரு தாளத்தில் ஓட, பித்தளைக் குழல்கள் வேறொன்றில் முட்டின.

“இது மியூசிக்காடி? தலை வலிக்குது” என்றாள் திவ்யா.

எனக்கு எங்கள் வீட்டு விசைத்தறிகள் கேட்டன. ஒன்றோடொன்று சேராத அடி, எண்ணெய் வாசனை, கண் இமையில் பஞ்சுத் தூசி. அப்பா சைகையால்தான் சோறு கேட்பார். அதற்கு நடுவில்தான் நான் கணக்குப் போட்டேன். சத்தம் நின்றால்தான் வீடே பதறும்.

திடீரென்று மொத்த வாத்தியங்களும் நின்றன.

“கரண்ட் போச்சு!” என்று கத்திவிட்டேன்.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. “ஏய், லைட் எரியுதுடி!” என்றாள் திவ்யா.

காலையிலிருந்து அதே சிம்பொனி என் ஹெட்போனில் முழுச் சத்தத்தில் ஓடுகிறது. மூன்றாம் பாடத்துக்கு வந்துவிட்டேன்.