என் பெயரில் அண்ணன் பேசிய காதல்

நல்லூர்க் கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள ஐஸ்கிரீம் கடையில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர் கேட்ட முதல் கேள்வியே எனக்கு விளங்கவில்லை.

"அப்ப, வேலையை எப்ப விடுறதா யோசிச்சிருக்கிறியள்?"

நான் தென்மராட்சியில் அரசாங்க மிருக வைத்தியர். மாடு கன்று போட முடியாமல் கிடந்தாலும் ஆட்டுக்கு வயிறு ஊதினாலும் ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் ஓடுகிறவள். அதை விடுவதைப் பற்றி நான் கனவில்கூட யோசித்ததில்லை.

"ஏன் விடோணும்?" என்று கேட்டேன்.

"நீங்கள்தானே எழுதினனீங்கள், கலியாணம் முடிஞ்ச கையோடை விட்டிடுவன் எண்டு."

"நான் எப்ப எழுதினனான்? உங்களோடை நான் இண்டைக்குத்தான் கதைக்கிறன்."

அவர் என்னையே பார்த்தார். அளவெட்டிக்காரர், கொழும்பில் கணக்காளர் வேலை. சனிக்கிழமை காலைப் பயணக் களைப்பு முகத்தில் இருந்தது. போனை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

லண்டனில் இருக்கும் என் அண்ணன்தான் ஒரு கலியாண ஆப்பில் எனக்குக் கணக்குத் திறந்து, இந்தச் சந்திப்பையும் ஒழுங்கு செய்தவர். எனக்கு முப்பத்திநாலு வயது என்ற கவலை என்னைவிட அவருக்குத்தான் அதிகம். அந்த நேரம் எங்கள் பகுதி மாடுகளுக்குக் கோமாரி என்கிற கால்-வாய் நோய். நான் பட்டி பட்டியாக ஊசி போட்டுத் திரிந்ததால், "சரி, பொருத்தமா ஆரும் வந்தால் சொல்லுங்கோ" என்று ஒரு படத்தை அனுப்பிவிட்டு இருந்துவிட்டேன். அவர் பார்த்துச் சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். நானாகவே மாறிவிடுவார் என்று நினைக்கவில்லை.

போனில் இருந்த பெண் என்னைவிட வெள்ளை. நான் ஒரு பசுவின் கழுத்தில் கை போட்டு நின்ற படம் அது. பசுவை வெட்டி எறிந்துவிட்டு என் முகத்துக்குச் சுண்ணாம்பு பூசியதுபோல் நிறம் ஏற்றியிருந்தார். தொழில் என்ற இடத்தில் "அரசாங்க வைத்தியர்". எதற்கு வைத்தியர் என்பது இல்லை. கீழே குறுஞ்செய்திகள், இரண்டு மாதத்துக்கு உரியவை. எனக்குச் சமையல் என்றால் உயிராம். வெளிநாட்டில் இருக்கப் பெரிய விருப்பமாம். ஒவ்வொரு நாலு வரிக்கும் ஒரு "சும்மா சொல்லக்கூடாது". சின்ன வயதிலிருந்து என் அண்ணன் வாயில் நான் கேட்டுக்கொண்டிருக்கும் சொல் அது. அதைக் கண்டதும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரோடை கதைச்சனான்?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"என்ரை அண்ணையோடை."

அவர் முகம் செத்துப்போயிற்று. பிறகு, என்னைப் பார்க்காமல், "என்ரை அப்பா மோசம்போன கதையெல்லாம் எழுதினனான்" என்றார். தகப்பனின் சாவைப் பற்றிய அந்தச் செய்தியும் என் கண்ணில் பட்டது. அதற்கு என் அண்ணன் ஒரு சிவப்பு இதயப் படம் அனுப்பியிருந்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் எழுந்து போய்விட்டார். அவருடைய ஐஸ்கிரீம் கோப்பையில் உருகிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னை ஏமாற்றியதைவிட அந்த மனிதரை ஏமாற்றியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடை வாசலில் நின்றே அண்ணனுக்கு அழைத்தேன்.

"உன்ரை நன்மைக்குத்தான் செய்தனான்," என்றார், கொஞ்சமும் கூசாமல். "மாட்டோடை நிக்கிற படத்தைப் போட்டால் எவன் திரும்பிப் பாப்பான்? நீ பதில் எழுதமாட்டாய். ஆராவது எழுதத்தானே வேணும்?"

"அந்தாள் செத்த தேப்பனைப் பற்றி எழுத, நீங்கள் இதயம் அனுப்பினனீங்கள்."

"பின்னை என்ன அனுப்பிறது?"

வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கும் இது தெரிந்திருந்தது. "கொண்ணன் உனக்குக் கெடுதலோ செய்வான்?" என்று அண்ணன் பக்கம் நின்று என்னையே கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. ஆனால் அண்ணனிடமிருந்து அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை வாங்கிவிட்டேன்.

கணக்கை நானே திருத்தி எழுத உட்கார்ந்தேன். பசுவை மீண்டும் படத்தில் சேர்த்தேன். மாடு, ஆடு, நாய், கோழிக்கு வைத்தியர் என்று எழுதினேன். வேலையை விடமாட்டேன் என்றும் எழுதினேன். சாதி என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். அந்த ஆப் என்னை அடுத்த பக்கத்துக்குப் போகவிடவில்லை. சிவப்பு எழுத்தில் "நிரப்பவும், நிரப்பவும்" என்று நச்சரித்தது. நோயில் படுத்த மாடு என் சாதியைக் கேட்டதில்லை. இதற்கு என்ன தேவை? கணக்கையே அழித்துவிட்டு, அதைக் கேட்காத வேறொரு ஆப்பைத் தேடிப் பிடித்தேன். அது கலியாணத்துக்கென்று இல்லாமல், பழகிப் பார்ப்பதற்கானது.

அங்கே வேறு கூத்து. யாழ்ப்பாணம் சின்ன ஊர். பாதிப் பேர் படத்தில் தலையில்லாமல் நின்றார்கள். மீதிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்து நின்றார்கள். ஒருவன் "மாட்டு மணம் அடிக்குமோ" என்று கேட்டான். நான் மாடுகளுக்கு ஊசி போட்ட ஒரு பட்டியின் பண்ணைக்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன், "தனிமையில் வாடுகிறேன்" என்று எழுதியிருந்தார். அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போனபோது, "என்ன அண்ணை, தனிமை எப்பிடி?" என்று அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவரும் நேரம் பார்த்துக் கேட்டேன். மனிதர் கயிற்றைக் கைவிட, கன்று வேலிப்பக்கம் ஓடியது.

என்றாலும் நான் அந்த ஆப்பை விடவில்லை. அண்ணன் கற்றுத் தந்த பாடம் ஒன்று இருந்தது: எழுத்தை நம்பாதே, குரலைக் கேள். யார் எழுதினாலும், "இண்டைக்கே போன் எடுத்துக் கதையுங்கோ" என்று பதில் போட்டேன். பெரும்பாலானோர் காணாமல் போனார்கள். ஒருவர் மட்டும் உடனே அழைத்தார். பின்னால் ஒரு எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது.

"நான் கொழும்புத்துறை. போட் எஞ்சின் திருத்திறனான்," என்றார். யாழ்ப்பாணம் டவுனை ஒட்டிய கடற்கரை ஊர் அது. பிறகு தயங்கி, "டொக்டர், எங்கடை வீட்டு ஆடு காலமையிலையிருந்து தீன் எடுக்குதில்லை," என்றார்.

எனக்குச் சுறுக்கென்றது. "ஆட்டுக்கு மருந்து கேக்கவோ இதுக்கை வந்தனீங்கள்?"

"இல்லை, இல்லை. உங்களுக்கு எழுதினது முந்தநாள். ஆடு படுத்தது இண்டைக்கு. பொய் சொல்லக்கூடாது, இப்ப ரெண்டுக்கும்தான் எடுத்தனான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு வயிறு எந்தப் பக்கம் ஊதியிருக்கிறது என்று கேட்டேன். மறுநாள் ஆடு எழும்பிவிட்டதாகச் சொல்ல எடுத்தார். அடுத்த நாள் ஒரு காரணமும் சொல்லாமல் எடுத்தார். ஒரு ஞாயிறு காலையில் கடற்கரையில் சந்தித்தோம். என் வேலையைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடியவில்லை. வேலையை எப்போது விடுவேன் என்பது மட்டும் அவற்றில் இல்லை.

அவரையே கட்டப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "கொழும்புத்துறையோ? உவை என்ன ஆக்கள்?"

"வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் நீங்கள் கழுவிச் சமைக்கிற மீனைப் பிடிக்கிற ஆக்கள்," என்றேன்.

அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. அண்ணன் பேசினார், அதுவும் கத்தி: "குடும்ப மானத்தைக் கடலிலை போட்டிட்டாய்!" இன்னொருவர் பெயரில் இரண்டு மாதம் காதல் எழுதியவருக்கு மானம் இருந்தது!

பதிவுத் திருமணத்துக்கு முதல் நாள்தான் அம்மா அவரை வீட்டுக்கு வரச்சொன்னார். வந்தவர் கிணற்று மோட்டர் இரைகிறதென்று அதைக் கழற்றிப் பார்க்கப் போய்விட்டார். அம்மா குசினி யன்னலால் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் நல்ல சேலையாக எடுத்து உடுத்திக்கொண்டு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் வரவில்லை. ஆனால் சில மாதம் கழித்து லண்டனிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், "கொண்ணன்தானாம் ஆப்பிலை தேடிப் பிடிச்சுக் குடுத்தது. மாப்பிள்ளை யாழ்ப்பாணம் டவுன், எஞ்சினியராம்!" என்று என்னிடமே பாராட்டினார். நான் உடனே லண்டனுக்கு எடுத்தேன்.

"அண்ணை, எஞ்சினியர் இல்லை, எஞ்சின் திருத்திறவர். டவுன் இல்லை, கொழும்புத்துறை."

"டவுனும் கொழும்புத்துறையும் கிட்டத்தானே. ரெண்டும் ஒண்டுதான்."

"ஒண்டெண்டால் கொழும்புத்துறை எண்டே சொல்லுங்கோவன்."

"பாப்பம், பாப்பம்," என்று வைத்துவிட்டார்.

என் கணவருக்கு இது பெரிய பகிடி. "என்னையும் வெள்ளையாக்கிப் போட்டார்," என்று சிரிக்கிறார். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.