இடக்கைச் சுருள்

மின்விசிறி பழுதுபார்க்கும் அந்தக் கடையில் அவள் கைபடாத பொருள் ஒன்றுதான் இருந்தது. விசிறியைப் பிரிப்பாள், கருகிய கம்பியை உருவுவாள், வார்னிஷ் பூசுவாள். கைப்பிடியைச் சுழற்றிப் புதுச் சுருள் சுற்றும் இயந்திரம் மட்டும் கணவருடையது. கேட்டால், அவளுடைய இடக்கைப் பழக்கத்தைக் காட்டி, "நொட்டாங்கைக்கு இது சரிப்படாது" என்பார். அதன்முன் உள்ள முக்காலியில் என்றைக்காவது உட்கார்ந்தே தீருவது என்று பன்னிரண்டு வருஷமாக அவள் காத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் ஒரு மரப்பலகையோடு வந்தார். நடுவில் சுழலும் காந்தம், இருபுறமும் அறுந்த சுருள்கள், மேலே குட்டி பல்பு.

"காந்தம் சுத்தினா கம்பியில கரண்ட் வரும், பல்பு எரியும்னு காட்டணும்க்கா. புதன்கிழமை வந்து வாங்கிக்கிறேன்."

கணவர் ஒரு சுருளை முடித்தார். மறுநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். இயந்திரத்தை மறுபக்கம் திருப்பிப் போட்டு, இடக்கையால் அறுநூறு சுற்றும் எண்ணி முடித்தாள். மயிரிழை பிசகவில்லை. அவர் தடவிப் பார்த்துவிட்டு, அதைத் தன் சுருளுக்கு எதிரே பலகையில் மாட்டினார்.

புதன்கிழமை டீச்சர் காந்தத்தைச் சுழற்றினார். பல்பு எரியவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் கணவர்.

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. முக்காலி போச்சு. ஆனாலும் அவருடைய சுருளைக் கழற்றிவிட்டு, தன்னுடையதை மட்டும் மாட்டிச் சுழற்றச் சொன்னாள். மங்கலாக எரிந்தது. அவருடையது தனியாக? அதுவும் எரிந்தது. இரண்டும் சேர்ந்தால் இருட்டு.

"தனித்தனியா நல்லாதான் இருக்கு. சேத்து வெச்சா ஆகல" என்றார் டீச்சர். "எங்க வீட்டுலயும் இதே கதைதான்."

அவள் குனிந்து இரண்டு சுருளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவருடைய கம்பி ஒரு திசையில் ஓடியது, அவளுடையது எதிர்த்திசையில். ஒன்று தள்ளிய கரண்டை மற்றது அப்படியே திருப்பித் தள்ளியிருக்கிறது. ஒரு சுருளின் இரு முனைகளை இடம் மாற்றி மாட்டினால் போதும். தன்னுடையதை அவள் தொடவில்லை. அவருடையதைக் கழற்றி மாற்றினாள்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

"அப்ப ரெண்டுல எந்தச் சுருள் தப்பா இருந்துச்சுக்கா?"

"எதுவும் தப்பில்ல டீச்சர். எங்களுக்கு இது பழக்கந்தான்."

கணவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரிம்மா, நீயே உக்காரு."

அதன்பின் முப்பது வருஷம் அந்தக் கைப்பிடி இடப்பக்கமே இருந்தது. அவள் போனபிறகும் அவர் அதைத் திருப்பவில்லை. இடக்கையால் சுற்றப் பழகிக்கொண்டிருக்கிறார். நூறைத் தாண்டினால் எண்ணிக்கை தப்பிவிடுகிறது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறார்.