வாய்க்கு ஹெட்செட் மாட்டிய கதை

ரெண்டு பேர் பேசும்போது நடுவில் உட்கார்ந்து ரெண்டு பேருடைய கோபத்தையும் வாங்கிக்கொள்வதுதான் எங்கள் தொழில். அதற்கு வாய்மொழிபெயர்ப்பு என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவில் எம்ஆர்டி ரயில் ஏறி, ஜூரோங், துவாஸ் தொழிற்பேட்டைகள் என்று அலைந்து, நேரில் போய் வேலை பார்த்தே பழகியவள் நான். திடீரென்று எங்கள் ஏஜென்சி, இனிமேல் எல்லாம் வீடியோவில்தான், பழகிக்கொள்ளாதவர்களுக்கு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் பாஸ்வர்டோடு மல்லுக்கட்டும் என் இனத்தாரே, அன்றையிலிருந்து என் தூக்கம் போய்விட்டது என்று உங்களுக்குச் சொல்லியா தெரியவேண்டும்?

பட்டனை அமுக்காத பாவி

பயிற்சி கொடுத்தவள் ஏஜென்சியில் வேலை பார்க்கும் கோகிலா. நல்ல பொண்ணு, ஆனால் வாய் கொஞ்சம் நீளம். திரையில் தமிழுக்கு ஒரு பட்டன், இங்கிலீஷுக்கு ஒரு பட்டன். எந்த மொழியில் பேசப்போகிறோமோ, முதலில் அந்தப் பட்டனை அமுக்கவேண்டும். இது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கோகிலா டாக்டராக நடித்தாள். இன்னொருத்தர் நோயாளியாக நடித்து நெஞ்சுவலியை விவரித்தார். நான் அதை அப்படியே அழகான இங்கிலீஷில் கொட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் அமுக்கியிருந்தது தமிழ்ப் பட்டன்! என் இங்கிலீஷெல்லாம் நோயாளியின் காதுக்கே திரும்பப் போய்க்கொண்டிருந்தது. கோகிலா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நீங்க வாயசைக்கிறதைப் பார்த்துக்கிட்டே டாக்டர் ரிட்டயர் ஆயிடுவாரு லா!"

பாதுகாப்பு விதியும் குழம்பும்

ஒருவழியாகப் பட்டன் பிடிபட்டது. சரி, சின்ன வேலையாகப் பார்ப்போம் என்று துவாஸில் ஒரு கம்பெனி தன் தொழிலாளர் தங்குவிடுதியில் நடத்தும் பாதுகாப்புக் கூட்டத்தைக் கொடுத்தார்கள். வீட்டு ஹாலில் உட்கார்ந்து, ஹெல்மெட் இல்லாமல் மேலே ஏறக்கூடாது, பெல்ட் மாட்டாமல் விளிம்பில் குனியக்கூடாது என்று மடமடவென்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில், விதிகளை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்த அதிகாரி தண்ணீர் குடிக்க நிறுத்தினார். அடுக்களையிலிருந்து வாசனை வந்தது. மைக் ஓடுகிறது என்ற நினைப்பே இல்லாமல், "குழம்பை இறக்கி வைங்க, அடிபிடிக்குது!" என்று வீட்டுக்காரருக்குக் குரல் கொடுத்தேன்.

தங்குவிடுதி ஹாலே சிரித்ததைத் திரையில் பார்த்தேன். மானம் கப்பலேறிவிட்டது. கோகிலா, அடுத்த வேலையையும் சொதப்பினால் மேலிடத்தில் உங்களுக்காகப் பேச முடியாது அக்கா என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நியாயம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தின் கடைசியில், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றதும் எழுந்த ஒரு தொழிலாளி கேட்டது இதுதான்: "ரூலெல்லாம் நல்லாப் புரிஞ்சுதுக்கா. அது என்ன குழம்பு?"

கட்டில் கம்பியில் தொங்கியது

அடுத்த வேலை ஆஸ்பத்திரி. முருகேசன் என்ற தொழிலாளிக்குக் கால் எலும்பு முறிந்து, கொஞ்ச நேரத்தில் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கேட்டார்: காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா, குடித்தீர்களா? முருகேசன், "ஒண்ணுமே இல்லக்கா" என்றார். சரியான பட்டனை அமுக்கி அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அந்த நேரம் பார்த்து, அவருக்கு என் முகம் நன்றாகத் தெரியட்டும் என்று நர்ஸ் என் வீடியோ ஓடும் திரையைக் கேமராவோடு கட்டிலின் மறுபக்கம் தள்ளி வைத்தார். அங்கே கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பையில் டீ! ஸ்ட்ராவோடு, பாதி காலியாக.

சொன்னதை மட்டும் சொல்லு, உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி. மீறினால் புகார் வரலாம், இருக்கிற வேலையும் போகலாம். பேசாமல் இருந்தாலோ, மயக்கத்தில் அந்த டீ நுரையீரலுக்குள் போய்விட்டால்? வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். "டாக்டர், இது அவர் சொன்னதில்லை, நான் சொல்வது. கம்பியில் ஒரு டீ தொங்குகிறது, அவரிடம் கேளுங்கள்" என்றேன். முருகேசனிடமும் அதையே தமிழில் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கூட்டாளி வாங்கிக் கொடுத்தானாம், பாதி குடித்தாராம். ஆபரேஷன் தள்ளிப்போனால் சூப்பர்வைசர் திட்டுவார் என்ற பயத்தில் மறைத்தாராம். டாக்டர் கோபப்படவில்லை. ஆபரேஷனைச் சாயங்காலத்துக்கு மாற்றினார்.

மறுநாள் மறுபடியும் அதே ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. புகார்தான் என்று நினைத்துக்கொண்டே திரையைத் திறந்தேன். காலில் பெரிய கட்டோடு முருகேசன் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இனிமேலும் இந்த அம்மாவையே அனுப்புங்கள் என்று அந்த டாக்டர் சொல்லியனுப்பியதாகக் கோகிலாவும் செய்தி போட்டிருந்தாள். முருகேசன் டாக்டரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "யக்கா, இப்ப ஒரு டீ குடிக்கலாமான்னு நீங்களே அவர்ட்ட கேட்டுச் சொல்லிடுங்க!"

ஆகமொத்தம், எனக்கு வேலை போகவில்லை, அவருக்கு உயிர் போகவில்லை. போயிருந்த என் தூக்கம் மட்டும் அன்றைக்கு மத்தியானமே, ஹெட்செட்டைக்கூடக் கழற்றவிடாமல் சோபாவில் வந்து பிடித்துக்கொண்டது.